வேதகிரி வீட்டு எர்த்து

தேவயானியின் பெரிய திரை அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலைக்குள் அதற்கு வைத்தியம் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் பாக்கியில்லை. சாலவாக்கத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டின ஊர் அது. மாட்டுக்கு வயிறு ஊதினாலும் மருமகளுக்கு முதுகு வலித்தாலும் அங்கே ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லாமல் போய்விடுமா?

லேப்டாப்பின் சொந்தத் திரை சமர்த்தாகத்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் போட்டு மாட்டியிருந்த பெரிய மானிட்டர்தான் மக்கர் பண்ணியது. படம் வரும், கறுக்கும், மறுபடி வரும். தேவயானிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கும் வேலை. டாக்டர் எழுதியது ஒரு திரையில், கம்பெனியின் பக்கம் இன்னொன்றில். இரண்டையும் ஒரே பார்வையில் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைத் திரையில் அந்த வேலையைச் செய்வது ஒரு கண்ணை மூடிக்கொண்டு களை எடுப்பது மாதிரி.

பிரசவ விடுப்பு முடிந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். கம்பெனியும் முடியாது என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேற்பார்வை பார்க்கும் அம்மா ஆன்லைனில் வந்து உட்காருவார். ஒரு மணி நேரம் இரண்டு திரையும் தடங்கலில்லாமல் ஓடினால் வீட்டிலேயே வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை சோழிங்கநல்லூர் ஆபீசில் நிற்க வேண்டும், அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும்.

மகள் தமிழினிக்கு எட்டு மாதம். கூழும் குழைந்த சோறும் கொஞ்சம் இறங்கும், மற்றபடி தாய்ப்பால்தான். புட்டிப் பாலை வாயில் வைத்தால் தூ என்று துப்பிவிட்டு, வைத்தவரின் முகத்தையும் முறைத்துப் பார்க்கும். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. பிள்ளையா வேலையா என்று யாராவது கேட்டால் தேவயானி “ரெண்டுந்தான்” என்பாள். கேட்டவர்கள்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கணவன் ஜெகனுக்கு ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. போனில் “டிரைவர் அப்டேட் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு” என்றான். இரண்டையும் செய்தாள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கோபால் “கேபிள் போச்சிக்கா” என்று ஒன்று விற்றார். அது ஆகவில்லை என்றதும் அதைவிடத் தடிமனாக இன்னொன்று விற்றார். மாமியார் ராணியம்மாள் தன் பங்குக்கு உப்பும் மிளகாயும் மானிட்டரைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் குழந்தை தும்மியதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் வேதகிரி அடுக்களையில் சம்மணம் போட்டுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் மாங்காய்ப் பத்தையும். பின்பக்கத்து நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அந்த நினைப்பில் மனிதர் இரண்டு வாரமாக வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமா, இன்னும் கண்ணடிச்சிக்கினுதான் கீதா?”

“கண்ணடிச்சிக்கினுதான் கீது மாமா.”

“நான் சொன்னா கேட்டாதான. லோ ஓல்டேஜி.”

“லோ ஓல்டேஜின்னா ஃபேனு மெதுவா சுத்தணும் இல்ல? தலைக்கு மேல அது பறந்துக்கினு கீது.”

“அப்ப அந்த டீவியே சொத்த.”

“டீவி இல்ல மாமா, மானிட்டரு. அது சொத்த இல்ல. நேத்து கேபிள கழட்டி கூடத்து டீவில மாட்டினேன். அதுவும் இதே மாரி அணைஞ்சி எரியுது.”

ராணியம்மாள் இன்னொரு கரண்டி கூழை ஊற்றியபடி, “டீவிக்கும் ஒட்டிக்கிச்சா? அய்யய்யோ, இன்னிக்கி சீரியலு?” என்றாள்.

“டீவிலருந்து அந்த கேபிள கழட்டிட்டா டீவி நல்லாகீது அத்த. லேப்டாப்ப மாட்டினாதான் தொந்தரவு. அதனால சார்ஜர புடுங்கிட்டு பேட்டரில ஓட்டிப் பாத்தேன். ஒரு வாட்டி கூட அணையல. சார்ஜர சொருகினேன், ஒடனே ஆரம்பிச்சிடுச்சி. அந்த ஒயர் வழியாதான் என்னமோ உள்ள வருது.”

“அப்ப பேட்டரிலயே ஓட்டு.”

“ரெண்டு மணி நேரம் நிக்கும். என் வேல எட்டு மணி நேரம் அத்த.”

இதையே அவள் கோபாலிடமும் போனில் சொன்னாள். கோபால் யோசிக்கவே இல்லை. “சார்ஜர்ல மூணாவது பின்னு கீது பாருங்க, எர்த்து பின்னு, அத்த ஒடச்சி வுட்டுடுங்கக்கா. சரியா பூடும். நெறைய பேரு அப்டிதான் பண்ணிக்கினு கீறாங்க.”

“புள்ள தவழ்ந்து வந்து லேப்டாப்ப புடிக்குது கோபாலு. ஷாக் அடிச்சா நீ வந்து நிப்பியா?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். ஆனால் அவர் சொன்னதில் ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. எர்த்து. வருவது கரண்டு வழியாக இல்லை, எர்த்து வழியாக.

குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு போய் அறையில் திரைக்கு எதிரே உட்கார்ந்து பால் கொடுத்தாள். பங்குனி வெயில் காலையிலேயே ஜன்னல் கம்பியைச் சுட்டது. வீட்டில் பேச்சுச் சத்தம் அடங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சுவரில் வேலிப் பெட்டி ‘டொக்… டொக்…’ என்று அடித்துக்கொண்டிருந்தது. போன வருஷம் காப்புக்காட்டிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி வேர்க்கடலையைக் கிண்டிப் போட்ட பிறகு, வேதகிரி நிலத்தைச் சுற்றிக் கம்பி இழுத்து மாட்டிய சோலார் வேலி. தொட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. சுளீரென்று ஒரு அடி, அதோடு பன்றி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

‘டொக்’ என்றது பெட்டி. திரை கறுத்தது. கொஞ்சம் இடைவெளி. ‘டொக்.’ திரை கறுத்தது.

தேவயானி பால் கொடுத்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இராத்திரிக்கு மட்டும் ஓடின வேலி பகலிலும் ஓட ஆரம்பித்தது எப்போது? செவ்வாய்க்கிழமை காலை. பக்கத்து நிலத்துச் சேட்டுவின் ஆடுகள் நாலு, கடலைக் கொடிக்குள் இறங்கி மேய்ந்துவிட்டன. சேட்டு ஒன்றும் அன்னியன் இல்லை, வேதகிரிக்குப் பங்காளி, சித்தப்பா மகன். வரப்பில் நின்று இருவரும் பேசிய பேச்சில் மூன்று தலைமுறையும் சந்திக்கு வந்தது. அன்றைக்கே வேதகிரி பகலுக்கும் வேலியைப் போட்டார். அன்றோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். உள்ளே வந்து பார்த்தாள். திரை அசையாமல் நின்றது. மறுபடி போய்ப் போட்டாள். அணைந்து எரிந்தது. ஒரு தரம் பார்த்தால் தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள் என்று இன்னும் இரண்டு நடை நடந்தாள். திருடன் கையும் களவுமாக மாட்டியது மாதிரி அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வேதகிரிக்கு அந்தச் சந்தோஷம் இல்லை.

“வேலிப் பொட்டிக்கும் உன் கம்ப்யூட்டருக்கும் இன்னாமா சம்பந்தம்? அது சூரியன்ல ஓடுது. வூட்டு கரண்டே அதுல கெடியாது.”

“கரண்டு இல்ல மாமா. எர்த்து. பொட்டியோட எர்த்து ஒயர எங்க கட்டினீங்க?”

வேதகிரி மார்பை நிமிர்த்திக்கொண்டார். இதைக் கேட்க மாட்டார்களா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவர் அவர். “போர் பைப்புல கட்டனேன். வேலி வுட வந்த ஆளு, தனியா குழி தோண்டி மூணு கம்பி நடுன்னான். நம்ம மண்ணுல கடப்பார போட்டா பொறி பறக்குது. நான் சொன்னேன், ‘இரு நைனா, போர் பைப்பு எத்தினி ஆழம் போவுது, அத்தவிட எர்த்து எங்க கெடைக்கும்?’ன்னு. அவனே அசந்துட்டான். என்னப் பாத்துதான் ஊர்ல பாதிப் பேரு அப்டி கட்டிகீறான். எங்கூட்டு எர்த்து மாரி எவன் வூட்லயும் கெடியாது.”

“அதான் தொந்தரவே. வூட்டு எர்த்தும் அதே பைப்புலதான் கட்டிகீது. வேலி ஒவ்வொரு வாட்டி அடிக்கறப்பவும் அந்த அடி பைப்புல எறங்கி, வூட்டு எர்த்து ஒயர்ல ஏறி, என் சார்ஜர் வழியா உள்ள வந்துடுது. உங்க எர்த்து நல்ல எர்த்துதான் மாமா. ரெண்டு பேருக்கு ஒரே எல போட்டதுதான் தப்பு.”

வேதகிரி வாசலுக்குப் போய்ப் பைப்பைப் பார்த்துவிட்டு வந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை யானை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளாது. “சரி,” என்றார். “மூணு மணிக்கு வேலிய அணைச்சிடறேன். கொம்பு எடுத்துக்கினு நானே குந்திக்கறேன். சேட்டு ஆடு எப்டி உள்ள வருதுன்னு பாக்கலாம்.”

“இன்னிக்கி ஒரு மணி நேரம் குந்துவீங்க. திங்கக்கெழமலருந்து தெனத்துக்கும் குந்துவீங்களா? இந்த வெயில்ல?”

“கடல புடுங்கற வரிக்கும்தான.”

“அப்பால அடுத்த பட்டம் வெதைக்க மாட்டீங்களா? நான் ஒரு நாளிக்கி ஏமாத்தி வேல வாங்கறதுக்கு வரல மாமா. எர்த்த மாத்திடலாம். வூட்லருந்து தள்ளி, ஈரமான எடமா பாத்து மூணு பைப்பு அடிச்சா போதும்.”

“பங்குனில ஈரத்துக்கு எங்க போவ?”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். ஈரம் எங்கே இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். நிலத்தின் கடைசி வரப்புக்கு அந்தப் பக்கம் சேட்டுவின் நவரை நெல், கதிர் வாங்கித் தலை சாய்ந்து, கணுக்கால் தண்ணீரில் நின்றது.

“அவன்கிட்ட போயி நான் கேக்கணுமா? என் உயிரு போனாலும் கேக்க மாட்டேன்,” என்றார் வேதகிரி.

“நீங்க கேக்க வோணாம். நான் கேக்கறேன்.” குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தேவயானி நடந்தாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி, சேட்டு மடை திருப்பிவிட்டு வரப்பு மேலேயே வந்துகொண்டிருந்தார். வேதகிரியைவிடக் குட்டை, அவரைவிடச் சத்தம்.

“வாமா மருமவளே. உங்க மாமனாரு ஆட்டுக்கு அபராதம் வாங்கிக்கினு வரச் சொன்னாரா?”

“இல்ல சின்ன மாமா. உங்க நெலத்துல ஓரமா மூணு பைப்பு அடிச்சிக்கறதுக்கு கேக்க வந்தேன்.” விஷயத்தைச் சொன்னாள். திரை, வேலை, சோழிங்கநல்லூர், குழந்தை, எதையும் மறைக்கவில்லை.

சேட்டு கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு ஏரிக்கரை வரைக்கும் போயிருக்கும். “இன்னா ஞாயம்மா இது? என் ஆட்டுக்கு ஷாக்கு குடுக்கறதுக்கு, என் நெலத்துலயே கம்பி நடணுமா?”

“ஆமா சின்ன மாமா.”

“ஆமான்றியே! நான் வெறுங்கால்ல மடைக்கு எறங்கற ஆளு. எனக்கு அடிக்காதா?”

“அடிக்காது. மூணு பைப்பு, ஈர மண்ணு. வர்றது அப்டியே பூமில பரவிடும். நட்டு முடிச்சி வேலிய போடச் சொல்றேன். பக்கத்துல மொதல்ல நான் எறங்கி நிக்கறேன். அடிச்சிதுன்னா பைப்ப நீங்களே புடுங்கி எறிஞ்சிடுங்க.”

சேட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “புள்ள பால் குடிக்குதா?”

“குடிக்குது.”

“பால் குடிக்கற புள்ளய வுட்டுட்டு மெட்ராசுக்கு போன்னு எவன் சொல்றான்?” என்று யாரையோ கோபித்துக்கொண்டார். “வரச் சொல்லு உங்க மாமனார. பைப்ப தூக்கிக்கினு வரட்டும். ஆனா ஒண்ணு, நான் அவருகூட பேச மாட்டேன்.”

பழைய பந்தல் பைப்பு மூன்றை வேதகிரி தோளில் தூக்கிவந்தார். கூடவே சம்மட்டியும் கம்பிச் சுருளும். பங்காளிகள் இருவரும் சேற்றில் எதிரெதிரே நின்றார்கள். தேவயானி நடுவில்.

“எங்க அடிக்கலாம்னு அந்த ஆள கேளு,” என்றார் வேதகிரி.

“வரப்போரமா, நெல்லு மிதிபடாத எடமா பாத்து அடிக்கச் சொல்லும்மா,” என்றார் சேட்டு.

“நெல்ல மிதிக்க நான் ஆடு இல்லன்னு சொல்லு.”

“சின்ன மாமா, நீங்க பைப்ப புடிங்க. மாமா, நீங்க அடிங்க,” என்றாள் தேவயானி. இருவர் பேச்சையும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தால் மூன்று மணி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

முதல் பைப்பு வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. இரண்டாவது ஒரு முழம் போய்க் களிமண்ணில் மாட்டியது. வேதகிரி சம்மட்டியை உயரத் தூக்கினார். வியர்வையில் பிடி வழுக்கியது.

“டேய், கைய எடுறா! அடிபடப் போவுது!”

சேட்டு கையை இழுத்துக்கொண்டார். சம்மட்டி பைப்பின் ஓரத்தில் பட்டு ‘நங்’ என்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாத்து அடிக்க மாட்டியா ணா? கண்ணு எங்க கீது உனுக்கு?”

“உன் மூஞ்சில கீது. ஒயுங்கா புடி.”

அதற்குப் பிறகு தேவயானிக்கு அங்கே வேலை இல்லை. மூன்றாவது பைப்பு இறங்குவதற்குள் இருவரும் ஏரி மதகு, உர விலை, யாரோ ஒருவர் மகனின் கல்யாணம் எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். ஆட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. ராணியம்மாள் குழந்தையோடும் ஒரு தூக்கு நீர்மோரோடும் வந்து வரப்பில் உட்கார்ந்தாள்.

போர் பைப்பில் கட்டியிருந்த ஒயரை வேதகிரி தன் கையாலேயே அவிழ்த்தார்.  புது ஒயரை வேலிக் கால்கள் மேலேயே இழுத்துவந்து மூன்று பைப்பையும் சேர்த்து முறுக்கிக் கட்டினார்கள். வேதகிரி வேலியைப் போட்டுவிட்டு வீட்டிலிருந்து கை காட்டினார். தேவயானி செருப்பைக் கழற்றினாள்.

“இருமா, வோணாம். பச்ச ஒடம்புக்காரி,” என்று சேட்டு தடுத்தார்.

“சொன்னா சொன்னதுதான் சின்ன மாமா.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பைப்புக்குப் பக்கத்தில் கணுக்கால் சேற்றில் இறங்கி நின்றாள். சேறு குளுகுளுவென்று இருந்தது. ஒன்றும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சேட்டுவும் பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் எதற்காவது காத்திருப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“அப்ப என் ஆட்டுக்கும் அடிக்காதா?” என்று ஆசையாகக் கேட்டார்.

“கம்பிய தொட்டா அடிக்கும்.”

“ச்சே,” என்றார் சேட்டு.

மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் ஸ்ரீலேகா லேப்டாப்பில் வந்தார். தேவயானி குளித்துச் சேலை மாற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் நகத்தில் மட்டும் சேறு போகவில்லை. அது கேமராவில் தெரியாது. சார்ஜர் சொருகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெட்டி ‘டொக்… டொக்…’ என்று அடித்தது. பெரிய திரை நின்ற இடத்தில் நின்றது.

“ரெண்டு ஸ்கிரீனும் ஷேர் பண்ணுங்க தேவயானி. நான் ஃபைல் அனுப்புறேன், நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் கவனிச்சுக்கிட்டு இருப்பேன்.”

பில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டு மாதத்துக்குப் பிறகும் கைக்கு வேலை மறக்கவில்லை. ஒரு பில்லில் வலது முழங்காலுக்குச் செய்த அறுவை சிகிச்சையை இடது என்று போட்டிருந்ததைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். ஸ்ரீலேகாவிடமிருந்து அடுத்த ஃபைல் கொஞ்சம் கஷ்டமானதாக வந்தது. அதையும் முடித்தாள்.

அரை மணி தாண்டியிருக்கும். நிலத்துப் பக்கமிருந்து ஒரு ஆட்டின் அலறல் கேட்டது. சாதாரண அலறல் இல்லை. முழு அடியும் வாங்கின அலறல்.

தேவயானியின் கை மவுஸ் மேல் நின்றுவிட்டது. இதை அவள் சோதித்துப் பார்க்கவில்லை. யாரும் தொடாதபோது வேலி அடிப்பது சும்மா தட்டுவது. ஒரு உயிர் தொட்டால்தான் முழு வேகமும் எர்த்தில் இறங்கும். கிடா இன்னொரு முறை அலறியது. அவள் பெரிய திரையையே பார்த்தாள். 

திரை நின்றது. ஒரு கோடு, ஒரு புள்ளி அசையவில்லை.

“என்ன சத்தம் அது?” என்றார் ஸ்ரீலேகா.

“பக்கத்து நெலத்து ஆடு மேடம். எங்க வேலிய தொட்டுடுச்சி.”

“அடி பட்டுடுச்சா?”

“இல்ல மேடம். ரோஷம்தான்.”

வெளியே சேட்டுவின் குரல் வந்தது. “யோவ் அண்ணா! என் கெடா!” பின்னாலேயே வேதகிரியின் குரல். “அதுக்கு புத்தி வந்துடுச்சி, உனுக்கு எப்ப வரும்?” அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம்.

மணி நாலை நெருங்கும்போது தமிழினி அழ ஆரம்பித்தாள். ராணியம்மாள் கூடத்தில் தூக்கிக்கொண்டு நடந்தாள், பாடினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள். புட்டியை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. அழுகை இரண்டு மடங்கானது. தேவயானியின் ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கடைசி பில்லையும் சரிபார்த்து முடித்தாள். ஒரு எண்ணைக்கூட அவசரத்தில் விடவில்லை.

“முடிஞ்சுது,” என்றார் ஸ்ரீலேகா. “ரெண்டு ஸ்கிரீனும் ஒரு தடவைகூட டிராப் ஆகலை. திங்கட்கிழமை வீட்டிலிருந்தே லாகின் பண்ணிடுங்க.” பிறகு, “ரொம்ப நேரமா பாப்பா அழுதிட்டிருக்கா. போங்க, போய்ப் பாருங்க,” என்றார்.

தேவயானி ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தமிழினி விசும்பலோடு மார்பைப் பற்றிக்கொண்டாள்.

“இன்னாமா சொன்னாங்க?” என்றாள் ராணியம்மாள்.

தேவயானிக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை, எல்லாம் சரியான பிறகு இப்போதுதான் வந்தது. குனிந்து குழந்தையின் ஈரத் தலையில் வாயை வைத்துக்கொண்டாள்.

“நான் எங்கியும் போவலடீ,” என்றாள்.

தமிழினி அதைக் காதில் வாங்கவில்லை. பசியில் கண்ணை மூடிக்கொண்டு, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.